எங்கள் மாப்பிள்ளை வேகம் கற்றுக்கொடுத்த விதம்

எங்கள் மாப்பிள்ளை ஓடி நான் பார்த்ததில்லை. மழை பிடித்துக்கொண்டால் தெருவே தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடும். இவர் மட்டும் நனைந்துகொண்டே நடந்து வருவார். கண்ணெதிரே பஸ் புறப்பட்டுப் போனால், "போகட்டும் அத்தை, அதுக்கு என்ன அவசரமோ" என்பார். தன் கல்யாணத்துக்கே கடைசியாக வந்து சேர்ந்தவர் அவர். என் மகள் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அதனால் அவர் எனக்கு மாப்பிள்ளை ஆனார்.

இப்படிப்பட்ட மனிதர் ஃபுட்பால் ஆடும் சின்னப் பெண்களுக்கு வேகமாக ஓடக் கற்றுக்கொடுத்தார் என்றால் யார் நம்புவார்கள்? நம்ப வேண்டாம். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் யாராவது "அது அப்படி இல்லம்மா" என்று திருத்த வந்தால், அவர்கள் தனியாக ஒரு கதை சொல்லிக்கொள்ளட்டும்.

மாப்பிள்ளைக்கு வேலை லிஃப்ட் ரிப்பேர். பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டிக் கத்திக்கொண்டிருக்க, இவர் வெளியே நின்று, "பதறாதீங்க, லிஃப்ட் எங்கேயும் போகாது" என்று ஆறுதல் சொல்வாராம். எங்கேயும் போகவில்லை என்பதுதானே அவர்கள் கத்தலே! ஆனாலும் வேலையில் குறை சொல்ல முடியாது. இவர் கை வைத்த லிஃப்ட் தளத்தோடு தளமாக, வாசலில் கால் இடறாமல் நிற்கும். ஊரெல்லாம் லிஃப்ட் சரிசெய்யும் மனிதர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பது வேறு விஷயம். நாங்கள் மூன்றாவது மாடி. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, பிறகுதான் அடுத்த படி. கீழே அவர் குரல் கேட்டதும் என் மகள் சாதத்தை அடுப்பில் ஏற்றுவாள். அவர் வந்து செருப்பைக் கழற்றும்போது சாதம் வெந்திருக்கும்.

அவர் பையில் எந்நேரமும் ரசமட்டம் ஒன்று இருக்கும். கையளவு கட்டை, நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு நீர்க்குமிழி. வைத்த இடம் மட்டமாக இருந்தால் குமிழி நடுவில் நிற்கும். இல்லாவிட்டால் மேடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நகரும். வீட்டில் அவர் ரசமட்டம் வைத்துப் பார்க்காத இடம் கிடையாது. அலமாரி, அடுப்பு மேடை, அலங்காரக் கண்ணாடி, எல்லாம் பார்த்தாயிற்று. ஒருநாள் நான் படுத்திருக்கும்போதே என் கட்டில் காலருகே குனிந்து, "தலைப்பக்கம் ஒரு நூல் அளவு இறங்கியிருக்கு அத்தை. அதான் உங்களுக்குத் தலை சுத்துது" என்றார். தலை சுற்றியது அவரைப் பார்த்துத்தான். ஆனாலும் அட்டையை மடித்துக் காலுக்கடியில் வைத்துவிட்டுத்தான் எழுந்தார். அந்த ரசமட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இவருக்கு ஒரே பெண். என் பேத்தி. பன்னிரண்டு வயது. பந்து அவள் காலில் வந்து சேர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். யாராலும் பிடுங்க முடியாது. ஆனால் பந்து வந்து சேர வேண்டும், இல்லையென்றால் இவள் போய்ச் சேர வேண்டும். இரண்டாவதில்தான் சிக்கல். அப்பாவின் மூக்கு, அப்பாவின் காது, அப்பாவின் நடை. அவளுடைய அணியில் எல்லோரும் கொஞ்சம் மந்தம்தான். அதிலும் இவள் கடைசி. அதனால் அணியில் அவளுக்கு 'பார்சல்' என்று பெயர்.

"பார்சல் கிளம்பிடுச்சா?" என்று ஒருத்தி கத்துவாள்.

"கிளம்பிடுச்சு, நாளைக்கு வந்துடும்!" என்று இன்னொருத்தி பதில் கத்துவாள்.

இவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிப்பாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கோப்பை மேட்ச் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள எனக்கு வேகம் வரலைன்னா விட்டுடப் போறேன்."

"எதை விடப் போறே?" என்றாள் என் மகள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். எதையும் கூர்ந்து பார்த்துத்தான் கேட்பாள்.

"ஃபுட்பாலை."

மாப்பிள்ளையின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. லிஃப்ட் மாதிரியே. கையைத் தட்டில் இறக்கிவிட்டு, "அது என் காலாச்சே" என்றார். "நான் என்ன பண்ணுவேன். உங்க அம்மா காலைக் கேட்டு வாங்கியிருக்கணும் நீ."

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆமா, எங்க பக்கம் எல்லாருக்கும் காத்து மாதிரி கால்" என்று சொல்லி வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் மனிதருக்கு எங்கோ நன்றாகக் குத்திவிட்டது என்று எனக்குப் புரிந்தது. மூக்கைக் கொடுத்ததற்கு வருத்தப்படாதவர், காலைக் கொடுத்ததற்கு அன்று ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தார் என்று மகள் சொன்னாள்.

மறுநாளே அணியின் கோச்சைப் பார்க்கப் போனார். கோச் என்றால் பூட்டுக்கடைக்காரர். கடையைச் சாத்திவிட்டுச் சாயங்காலம் பெண்களுக்கு ஆட்டம் சொல்லித் தருவார். பெரிய குரல், நல்ல மனசு. நானும் அங்கேதான் இருந்தேன். டாக்டர் என்னைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் நான் தினமும் மைதானத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன்.

"சாயங்காலம் நான் வந்து பசங்களுக்கு ஓட்டம் சொல்லித் தரட்டுமா?" என்றார் மாப்பிள்ளை.

"ஓட்டமா?"

"ஓட்டம்."

"நீங்களா?"

"நான்தான்."

கோச் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு கீழிருந்து மேல்வரை பார்த்தார். "சரி. ஓடாம சொல்லித் தர முடியும்னா வாங்க" என்றார்.

மாப்பிள்ளை சும்மா வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓட்டக்காரர்களின் வீடியோவைப் போனில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் மெதுவாக ஓடவிட்டுப் பார்க்க ஒரு வசதி இருக்கிறதாம். அது அவருக்காகவே செய்தது போலிருக்கிறது. உலகத்திலேயே வேகமான மனிதன் எங்கள் மாப்பிள்ளை போனில் எங்கள் மாப்பிள்ளை மாதிரியே போய்க்கொண்டிருந்தான்.

அதுவரைக்கும் கோச்சின் வழி ஒன்றுதான்: மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடு, நாக்கு வெளியே வரும் வரைக்கும் ஓடு. மாப்பிள்ளை முதல் நாளே அதை நிறுத்தினார். "சுத்திச் சுத்தி ஓடினா மெதுவா ரொம்ப நேரம் ஓடத்தான் பழகும். ஃபுட்பால்ல அவ்வளவு தூரம் யாரும் ஒரே மூச்சா ஓடறதில்லை. முதல் நாலு எட்டுலதான் பந்து யாருக்குன்னு முடிவாகுது" என்றார். கொஞ்ச தூரம்; ஆனால் இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு ஓட வேண்டும். ஓடி முடித்தால் நடந்து திரும்பி வர வேண்டும். மூச்சு அடங்கி, பேச்சு வந்த பிறகுதான் அடுத்த ஓட்டம். களைத்துப்போன காலுக்கு வேகம் ஏறாதாம். பெண்களுக்குக் கொண்டாட்டம். நடந்து திரும்பும்போது வாய் ஓயாமல் பேசுவார்கள். அவரும் கூடவே நடப்பார். நடப்பது அவருக்குக் கைவந்த கலை.

கிளம்பும்போது உடம்பை முன்னால் சாய்க்கச் சொன்னார். தரையைப் பின்னால் தள்ளச் சொன்னார். கையை வீசச் சொன்னார். "கையைச் சும்மா தொங்கப் போட்டுட்டுக் காலை மட்டும் ஓடச் சொன்னா அது கோவிச்சுக்காதா?" என்பார். தையல் கடையிலிருந்து துண்டுத் துணிகளை வாங்கி வந்து, ஒவ்வொருத்தி இடுப்பிலும் வால் மாதிரி செருகிவிட்டு, ஒருத்தி வாலை ஒருத்தி பிடுங்கச் சொல்வார். அந்த நேரத்தில் மைதானத்தில் எழும் கூச்சலுக்கு எதிர்வீட்டு நாய் வெளியே வருவதையே நிறுத்திவிட்டது.

இப்போது மைதானத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு பக்கம் கேட். அங்கே மரநிழல், தண்ணீர்க் குழாய், நான் உட்காரும் பெஞ்சு. நேர் எதிர்ப் பக்கம் பெயிண்ட் கிடங்கின் நீளச் சுவர். மாப்பிள்ளை வேலையிலிருந்து நேரே வந்து பையைக் கேட்டருகே வைப்பார். நிழலும் அங்கேதான். அதனால் எல்லா ஓட்டமும் கேட்டிலிருந்து சுவர்ப் பக்கமாகவே நடந்தது.

முதல் நாள் இரண்டு பெண்கள் நிற்க முடியாமல் சுவரில் கையை ஊன்றி, உள்ளங்கை சிவக்க வந்து நின்றார்கள். மாப்பிள்ளை பயந்துவிட்டார். "சுவர்ல நீங்க மோதினா, உங்க அம்மாங்க வந்து என்மேல மோதுவாங்க" என்று சொல்லி, அன்றிலிருந்து நிற்பதற்கும் பாடம் நடத்தினார். நிற்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே எட்டைக் குறுக்கு, இடுப்பைத் தாழ்த்து, முழங்காலை மடக்கு. "லிஃப்ட் நிக்கிற மாதிரி நிக்கணும். உள்ளே இருக்கிறவங்க கையில காபி சிந்தக் கூடாது" என்பார். அது ஓட்டத்தோடு சேர்ந்தது இல்லை. சுவருக்குப் பயந்து சொல்லிக்கொடுத்தது.

நாளாக ஆக, பெண்கள் பறந்தார்கள். பொய் இல்லை. போனில் நேரம் பார்ப்பார், குறைந்துகொண்டே வரும். என் பேத்தி சடை பின்னால் நீட்டிக்கொண்டு நிற்க, சுவரை நோக்கிப் பாய்வாள். கோச் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, "என்ன பாட்டி, உங்க மாப்பிள்ளை மந்திரவாதியா இருக்காரே" என்றார்.

"மந்திரவாதியா இருந்தா சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்கு வரமாட்டாரா?" என்றேன்.

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வரும்போது மாடித் திருப்பத்தில் ஒரு பெருமூச்சு குறைந்தது. பேத்தி மட்டும் அவ்வளவாகத் துள்ளவில்லை. "எப்படிடி இருக்கு?" என்றால், "நல்லா இருக்கு பாட்டி" என்பாள். அப்பா நேரத்தைப் படித்துக் காட்டும்போது அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

கோப்பை மேட்சுக்கு முன்னால் பழகிக்கொள்ள ஓர் ஆட்டம் வைத்தார்கள். பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் மைதானம். பச்சைப் பாய் விரித்தாற்போல் செயற்கைப் புல். போகும்போது வேனில் ஒரே பாட்டு. கோச் போய் எதிர் அணி கோச்சிடம், "எங்க பசங்க இப்ப ஓட ஆரம்பிச்சா நிறுத்த முடியாது, பாத்துக்குங்க" என்று வேறு சொல்லிவைத்தார்.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் பெண்கள் ஓடினார்கள். பழைய மாதிரியே ஓடினார்கள். எதிர் அணியில் இடுப்பு வரைக்கும் சடை விட்ட ஒரு பெண். அவள் என் பேத்தியைத் தாண்டிப் போன வேகத்தில் இவள் ஜெர்சி படபடத்தது. கோல் கோலாக வாங்கினார்கள். எங்கள் கோல் காக்கும் பெண்ணைக் 'கதவு' என்று கூப்பிடுவார்கள். அன்றைக்குக் கதவு திறந்தே கிடந்தது.

திரும்பி வரும்போது வேனில் யாரும் பாடவில்லை. கோச் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். "பார்சல்" என்று ஒருத்தியும் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் பயிற்சி இல்லை. ஆனாலும் மாப்பிள்ளை மைதானத்துக்குக் கிளம்பினார். "காரணம் இல்லாம லிஃப்ட் நிக்காது அத்தை" என்றார். பேத்தியும் கூடவே வந்தாள். எனக்கு டாக்டர் சொன்ன நடை இருந்தது.

மாப்பிள்ளை கேட்டருகே நின்று சுவரைப் பார்த்தார். சுவரருகே போய் நின்று கேட்டைப் பார்த்தார். போனை எடுத்துப் பழைய நேரத்தைப் பார்த்தார். பிறகு பேத்தியின் பந்தை வாங்கிக் கேட்டருகே தரையில் வைத்தார். பந்து ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு மெல்ல, யாரும் உதைக்காமலேயே, சுவர்ப் பக்கம் உருளத் தொடங்கியது.

அவர் பையைத் திறந்தார். கட்டிலுக்கு வைத்தார், அடுப்புக்கு வைத்தார், அலமாரிக்கு வைத்தார். இத்தனை நாள் பக்கத்திலேயே பையில் கிடந்த அந்த ரசமட்டத்தைத் தரைக்கு மட்டும் வைக்கவில்லை! ஒரு நீளப் பலகையைத் தேடி எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் வைத்தார். குமிழி கேட் பக்கமாக ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

மைதானமே சரிவு. கண்ணுக்குத் தெரியாத சரிவு. கேட் மேடு, சுவர் பள்ளம். பெண்கள் இத்தனை நாளும் இறக்கத்தில் ஓடியிருக்கிறார்கள். ஏற்றத்தில் ஓடியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் திரும்பி வரும்போது ஓய்வு என்று சொல்லி நடக்கவைத்துவிட்டாரே! மழை பெய்தால் சுவர்ப் பக்கக் கோலில் குளம் கட்டும். சாக்கடை அடைப்பு என்று எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தோம். ஆட்டத்தில் ஒரு பாதி பறந்து மறு பாதி தவழ்வார்கள். கண்ணில் வெயில் என்று கோச் சொல்வார். அத்தனை பேரும் சேர்ந்து ஒரு மைதானத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறோம்.

மாப்பிள்ளை அந்தப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பசங்களை ஏமாத்திட்டேன்" என்றார். "உன்னையும் ஏமாத்திட்டேன்."

பேத்தி பந்தை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியும்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"சரிவுன்னு."

"எப்போ?"

"ரொம்ப நாளா. ஆட்டத்துல என்னை உக்கார வெச்சுடுவாங்கல்ல. வெளியில உக்காந்திருந்தா எல்லாம் தெரியும். பந்து எப்பவும் சுவர்ப் பக்கம்தான் போகும். எடுத்துட்டு வர்றது நான்தானே."

"பின்னே ஏன் சொல்லலை?"

அவள் பந்தை உருட்டினாள். "நீங்க நேரம் பார்த்துட்டு எவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. தினமும் சீக்கிரமா வேற வந்தீங்க. நான் விட்டுட்டா சாயங்காலம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நானா? நான் உனக்காகத்தானே வர்றேன்!"

"நானும் உங்களுக்காகத்தான் ஓடினேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதே மூக்கு, அதே காது. எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஆளாளுக்கு அடுத்தவருக்காக ஓடினா பந்துக்காக யார்தான் ஓடறது?" என்று பெஞ்சிலிருந்தே கத்தினேன்.

முதலில் பேத்திதான் சிரித்தாள். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. அவருக்கு எல்லாமே அப்படித்தான்.

சிரித்து முடித்ததும் அவர் கேட்டார்: "நிஜமா சொல்லு. எனக்காக வேண்டாம். விட்டுடணும்னு இருக்கா?"

"தெரியலை. சமதளத்துல ஒருதடவை சடைக்காரியை நான் முந்தணும். இல்லைன்னா விட்டுடுவேன்."

"கோப்பை மேட்ச்ல அவங்க கூடத்தானே?"

"அவங்க கூடத்தான்."

மாப்பிள்ளை எழுந்து பலகையை எடுத்துக்கொண்டார். "அப்போ நாளையிலேர்ந்து மேல் நோக்கி ஓடுவோம்" என்றார்.

அடுத்த நாள் எல்லாப் பெண்களையும் கூப்பிட்டு, குமிழியைக் காட்டி, நடந்ததைச் சொன்னார். ஒளிக்கவில்லை. 'கதவு' என்கிற அந்தப் பெண், "அங்கிள், அப்ப நாங்க வேகமா ஓடலையா, விழுந்துட்டிருந்தோமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கோச் மட்டும், "இந்த மைதானத்துல நான் எத்தனை வருஷமா இருக்கேன்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "வெயில்தான்னு நினைச்சேன்" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

ஓட்டம் சுவரிலிருந்து கேட் நோக்கித் திரும்பியது. கொஞ்ச தூரம்தான், ஆனால் ஏற்றம். தரையை ஓங்கித் தள்ளினால்தான் உடம்பு நகரும். பெண்கள் முனகினார்கள். முன்னே வாய் ஓயாமல் பேசிக்கொண்டு நடந்து வந்தவர்கள் இப்போது வாயை மூடிக்கொண்டு நடந்தார்கள். போனில் நேரம் பார்ப்பதை மாப்பிள்ளை நிறுத்திவிட்டார். "நேரம் பார்த்தது போதும், எட்டைப் பார்ப்போம்" என்றார். சிலநாள் இறக்கத்தில் ஓடி, சுவருக்கு முன்னால் நிற்பதையும் விடாமல் செய்தார்கள். அது அவர்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. சுவருக்கு யார் கிட்டே போய், தொடாமல் நிற்பது என்று பந்தயம். அதில் என் பேத்தியை அடிக்க ஆள் இல்லை. காற்றுப் புகாத இடைவெளியில் நிற்பாள்.

கோப்பை மேட்ச் வந்தது. அதே பச்சைப் பாய், அதே சடைக்காரி. என் மகளும் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். எங்கள் பெண்கள் பறக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பின்னால் இழுபட்டுக்கொண்டும் போகவில்லை. முதல் எட்டுகளில் ஒரு துடிப்பு இருந்தது. அப்படியும் ஒரு கோல் வாங்கிவிட்டார்கள். என் பேத்தி கோட்டோரம் ஓடிக்கொண்டே இருந்தாள்; ஒருதடவை கூட சடைக்காரியை முந்தவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொள்வது எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. விட்டுவிடத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

முடியப் போகிற நேரம். நடுவிலிருந்து யாரோ உதைத்த பந்து மூலையை நோக்கி ஓடியது. பேத்தியும் சடைக்காரியும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். நான் எழுந்து நின்றேன். முதல் எட்டுகள் இரண்டு பேருக்கும் சமம். தோளோடு தோள். பிறகு சடைக்காரி முந்தினாள். முந்தி, பந்தை எட்டிப் பிடிக்கப் பார்த்து, வந்த வேகத்தை நிறுத்த முடியாமல் பந்தையும் தாண்டி, கோட்டையும் தாண்டி, அடுக்கி வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களுக்குள் போய் விழுந்தாள்.

என் பேத்தி நின்றாள். எட்டைக் குறுக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கோட்டுக்குள்ளேயே, காபி சிந்தாத மாதிரி நின்றாள். பந்தின் மேல் பாதம். திரும்பினாள். பக்கத்தில் ஆளே இல்லை. நடுவில் காத்துக்கொண்டிருந்த எங்கள் அணியின் ரொட்டிக்கடைக்காரர் பெண்ணுக்கு நிதானமாகத் தள்ளிவிட்டாள். அவள் ஓங்கி உதைத்தாள். கோல்!

என் மகள் கண்ணாடி கழன்று விழ விழக் குதித்தாள். கோச் என்னையே தூக்கப் பார்த்தார், நான் விடவில்லை. மாப்பிள்ளையைத் தேடினால் காணோம். கடைசியில் மைதானத்தின் இன்னொரு மூலையில் இருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மண்டியிட்டு, தரையில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க! உங்க பொண்ணு கோல் போட வெச்சுட்டா, பார்த்தீங்களா?" என்று மகள் அலறினாள்.

அவர் ரசமட்டத்தைத் தூக்கிக் காட்டினார். முகமெல்லாம் பல். "மட்டமாத்தான் இருக்கு!" என்று அங்கிருந்தே கத்தினார். "ஒரு நூல் கூடச் சரிவு இல்லை!"

தன் பெண் வாழ்க்கையில் செய்த முதல் பெரிய காரியத்தை அவர் பார்க்கவில்லை. ஆனால் அது நடந்த தரை மட்டம் என்பதற்கு அவர்தான் சாட்சி.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடிந்தது. கோப்பை வேறு யாருக்கோ போனது. அது எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பேத்தி வியர்க்க விறுவிறுக்க அப்பாவிடம் வந்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"முந்தலைப்பா" என்றாள்.

"முந்தலையா?"

"அவதான் முந்தினா. ஆனா அவளால நிக்க முடியலை." கொஞ்சம் யோசித்தாள். "நாளைக்கு எந்தப் பக்கம்? ஏத்தமா, இறக்கமா?"

மாப்பிள்ளை ரசமட்டத்தைத் துடைத்துப் பையில் போட்டார். விட்டுவிடுகிறவள் நாளைக்கு எந்தப் பக்கம் என்று கேட்பாளா? பிறகு, "ஏத்தம்" என்றார். "அப்புறம் கொஞ்சம் இறக்கம்."

வேகம் கற்றுக்கொடுக்கப் போன மனிதர் நிற்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தார் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். "அத்தை, முதல் எட்டுல சமமா வந்தாளாமே, அது ஓட்டம் இல்லையா?" என்று அவர் மல்லுக்கு நிற்பார். இருக்கலாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒருமுறை ஒத்துக்கொண்டால் வீட்டில் மரியாதை போய்விடும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தோம். படியில் நான் முன்னால், மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு. மாப்பிள்ளை வழக்கம்போல் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றுகொண்டிருந்தார். பேத்தி எங்கள் எல்லோரையும் தாண்டி இரண்டிரண்டு படியாக ஏறிப் போனாள். கதவைத் திறந்தாள். பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்து, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"முதல் மாடியில ஒரு பார்சல் நிக்குது! யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க!"

"எனக்குக் கையெழுத்து வராதுடி" என்று நான் பதிலுக்குக் கத்தினேன். "வந்து சேரட்டும், கைநாட்டு வெச்சு வாங்கிக்கிறேன்!"

கீழேயிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. என் மகள் சாதத்தை அடுப்பில் ஏற்றப் போனாள்.